குளிரில் உலவும் வண்டு

தரங்கம்பாடியில் 1620ஆம் ஆண்டில் டேனியர் வந்திறங்கினர் என்பதையும், 1845இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர் என்பதையும் மாணவ நேயர்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அங்கிருந்து கப்பலேறிய சரக்குகளோடு, ஊசியில் குத்திப் பெட்டிகளில் அடுக்கப்பட்ட வண்டுகளும் வண்ணத்துப் பூச்சிகளும் ஐரோப்பாவுக்குச் சென்றன என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் என்னும் மருத்துவர் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசின் மாணாக்கர். அவரும் அவரைப் போன்றோரும் சோழமண்டலக் கரையில் திரட்டிய பூச்சிகள் பல, டென்மார்க்கைச் சேர்ந்த பாப்ரீசியசு என்னும் மற்றொரு மாணாக்கரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. தமிழ் அகராதி தொகுத்த பாதிரியார் பாப்ரீசியசு வேறு, இவர் வேறு. பாதிரியார் சொற்களைத் திரட்டினார். இவர் பூச்சிகளைத் திரட்டினார். 1745இல் பிறந்து 1808இல் மறைந்த இவர், தம் வாழ்நாளில் ஏறத்தாழப் பதினாயிரம் பூச்சியினங்களுக்குப் பெயரிட்டார்.

ஒவ்வொரு பூச்சிக்கும் அவர் எழுதிய குறிப்பு சில வரிகளே. நிறம் இன்னது, வடிவம் இன்னது என்று கூறிவிட்டு, இறுதியில் வாழிடம் என்று ஒரு சொல்லை இட்டு, ஓர் ஊரையோ நாட்டையோ குறிப்பிடுவார். நம் கரையிலிருந்து சென்ற பூச்சிகளுக்கு நேரே 'தரங்கம்பாடி' என்று இலத்தீனில் எழுதியிருக்கிறார். அக்கால அறிவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் ஓர் உயிர் எங்கே வாழ்கிறது என்ற கேள்விக்கு ஓர் ஊரின் பெயர் விடையாகுமா? அங்கே அது ஏன் வாழ்கிறது? எப்பொழுதிலிருந்து வாழ்கிறது? முன்பு எங்கே வாழ்ந்தது? இக்கேள்விகளுக்கு விடை காண அதன்பின் இருநூறு ஆண்டுகள் ஆயின. அந்த விடை தேடிய கதையையே இன்று கூற விரும்புகிறேன்.

பாப்ரீசியசு 1790களில் பெயரிட்ட பூச்சிகளுள் ஒன்று வட நாடுகளின் காடுகளில் வாழும் ஒரு சிறு வண்டு. இன்று அதற்கு அசிடோட்டா கிரெனாட்டா என்று பெயர். நீளம் அரை அங்குலத்தில் ஏறத்தாழப் பாதி, நிறம் செம்பழுப்பு. அதன் சிறகுறையில் சிறு குழிகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். இதற்கு நெருங்கிய உறவான மற்றோர் இனம் அசிடோட்டா குருவென்டாட்டா. குருதி படிந்தது என்பது அப்பெயரின் பொருள். வண்டின் செந்நிறம் அதற்குக் காரணம். இவை குட்டைச் சிறகு வண்டுகள் என்று நாம் அழைக்கத்தக்க ஒரு பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. விஞ்ஞானிகள் அதனை ஸ்டாபிலினிடே என்பர். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் அது. விலங்குலகில் இவ்வளவு பெரிய குடும்பங்கள் மிகச் சிலவே.

பொன்வண்டைப் பாருங்கள், அதன் கடினமான மேற்சிறகு முதுகு முழுவதையும் மூடியிருக்கும். குட்டைச் சிறகு வண்டுகளுக்கோ அம்மேற்சிறகு பாதி முதுகோடு நின்றுவிடுகிறது. வயிற்றுப் பகுதி திறந்தே கிடக்கிறது. இக்குறையால் அவற்றுக்குப் பெரும் நன்மை உண்டு. உடலை இப்படியும் அப்படியும் வளைத்து, சருகுக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள நுண்ணிய சந்துகளில் அவை புகுந்து செல்லும். பறப்பதற்குரிய மெல்லிய பின்சிறகுகளை அக்குட்டைச் சிறகின் அடியில் பல மடிப்பாக மடித்து வைத்திருக்கும். இக்குடும்பத்தில் ஒருவரை நம் நாட்டு உழவர்கள் நன்கறிவர். நெல்வயல்களில் தத்துப்பூச்சிகளைத் தின்று நன்மை செய்யும் செம்மையும் கருமையும் கலந்த சிறு பூச்சி அது. இரவில் விளக்கொளிக்கு வந்து நம் கழுத்திலோ கையிலோ நசுங்கிவிட்டால், மறுநாள் அவ்விடம் எரிந்து கொப்புளம் போடும். அதன் உறவினராகிய அசிடோட்டா வண்டுகள் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அவற்றைக் கண்டவர்களும் மிகச் சிலரே.

காணாததற்குக் காரணம் உண்டு. பூச்சிகள் தம் உடலில் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக் காத்துக்கொள்ள இயலாதவை. ஆகையால் குளிர் நாடுகளில் மாரிக்காலம் வந்ததும் பெரும்பாலான பூச்சிகள் முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ உறங்கிக் கிடக்கும். இவ்வண்டுகளின் வழக்கமோ வேறு. குருவென்டாட்டா இலையுதிர் காலத்தில் வெளிப்பட்டு, மாரி முழுதும் காட்டுச் சருகினுள் நடமாடி, இளவேனில் வந்ததும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஊர் உறங்கும்போது விழித்து, ஊர் விழிக்கும்போது ஒதுங்கும் இயல்பு! பூச்சி சேர்ப்பவர்களோ வலையும் குப்பியுமாகக் கோடையில்தான் காட்டுக்குப் போவார்கள். ஆகவே மாரியில் நடமாடும் வண்டினங்கள் பலவும் அரியவை என்று பட்டியல்களில் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தன. மண்ணில் குழி தோண்டி, அதில் வழவழப்பான குவளையைப் பதித்து, மாரி முழுதும் அப்படியே விட்டு வைக்கும் முறை பரவிய பின்னரே, அரியவை எனப்பட்டவை சில இடங்களில் சாதாரணமாகக் கிடைப்பவை எனத் தெரிய வந்தது. வரலாற்றிலும் இப்படித்தான். சான்று இல்லை என்பதற்கும், சான்றைத் தேட வேண்டிய காலத்தில் தேடவில்லை என்பதற்கும் வேறுபாடு பெரிது.

அக்குளிரில் அவை எவ்வாறு உயிர் தாங்குகின்றன? வெண்பனி என்பது குளிர்ந்த பொருள்தான். ஆயினும் அது காற்றைத் தன்னுள் அடக்கிய நல்ல போர்வை. தரையில் 30 சென்டிமீட்டர் அளவுக்குப் பனி படிந்துவிட்டால், மேலே காற்று உறைநிலைக்குக் கீழ் 20 பாகையில் வீசினாலும், அடியில் மண்ணை ஒட்டிய இடம் உறைநிலையை அடுத்தே நிற்கும். கோடையில் மண் வாங்கி வைத்த வெப்பம் மெல்ல மெல்ல மேலேறி, பனியின் அடிப்பகுதியைத் தளர்த்தி, அங்கே இருண்ட ஈரமான இடைவெளி ஒன்றை உண்டாக்குகிறது. துள்ளிக் குதிக்கும் நுண்பூச்சிகளும் சிற்றுண்ணிகளும் அவ்விடைவெளியில் நடமாடுகின்றன. அவற்றை வேட்டையாடக் குட்டைச் சிறகு வண்டுகளும் அங்கே வருகின்றன. எறும்புகள் உறங்குகின்றன, சிலந்திகளும் குறைவு. போட்டியும் பகையும் மிகுந்த கோடையைவிட, இரை சிறிதே கிடைத்தாலும் அமைதியான மாரியே அவற்றுக்கு ஏற்றதாயிற்று. குளிரைத் தாங்கும் பூச்சிகள் பலவற்றின் குருதியில் கிளிசரின் போன்ற பொருள்கள் மிகுந்து, உறைதலைத் தடுக்கின்றன.

இனி, இவ்வண்டுகள் பரவியிருக்கும் இடங்களை நோக்குவோம். குருவென்டாட்டா மேற்கு ஐரோப்பாவிலும் நடு ஐரோப்பாவிலும் காடுகளிலும் சருகு நிறைந்த ஈரமான இடங்களிலும் வாழ்வது. கிரெனாட்டாவின் எல்லையோ மிக விரிந்தது. ஸ்காண்டிநேவியா தொடங்கிச் சைபீரியா வழியாக வட அமெரிக்கா வரை, பாசி படர்ந்த ஈர நிலங்களிலும் ஊசியிலைக் காடுகளிலும் அது காணப்படுகிறது. பிரிட்டனில் பெரும்பாலும் வட பகுதிகளிலும் மேட்டு நிலங்களிலும் இருக்கிறது. ஓர் அரிசி மணியைவிடச் சிறிது பெரிய இவ்வுயிர், கடலின் இரு கரையிலும் எவ்வாறு வந்தது? பனியூழியில் உலகின் நீரில் பெரும்பகுதி பனிப்பாறையாக நிலத்தில் தங்கிவிட்டதால், கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. அப்பொழுது ஆசியாவையும் அமெரிக்காவையும் இணைத்து, பெரிங் நீரிணை இருக்குமிடத்தில் அகன்ற நிலம் கிடந்தது. யானையின் உறவான மாமதமும் மனிதனும் கடந்த அவ்வழியே இதுவும் நடந்திருக்கும் எனக் கொள்ள இடமுண்டு.

இங்கேதான் இயற்கை நூல் வரலாற்று நூலாக மாறுகிறது. வண்டின் உடலுறை கைட்டின் என்னும் பொருளால் ஆனது. காற்றுப் புகாத சேற்றிலும், பீட் எனப்படும் கருநிற மக்கு மண்ணிலும் அது பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். நிறங்கூட மங்குவதில்லை, நாற்பதாயிரம் ஆண்டுக்கு முந்திய சிறகு, நேற்று உதிர்ந்ததுபோல் பச்சையும் நீலமுமாக மின்னுவதுண்டு. இத்தகைய எச்சங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டெடுத்தனர். அமெரிக்க அறிஞர் ஸ்கட்டர், கானடாவின் டொரான்டோ நகருக்கருகில் ஸ்கார்பரோ என்னும் மேட்டில் கிடைத்த பனியூழி வண்டுகளை ஆராய்ந்து, அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அழிந்துபோன இனங்கள் என்று முடிவு கட்டிப் புதுப் பெயர்களையும் சூட்டினார். அது இயல்பாகத் தோன்றிய முடிவே. மாமதம் அழிந்தது, கம்பளிக் காண்டாமிருகம் அழிந்தது. அவற்றோடு வாழ்ந்த வண்டு மட்டும் அழியாதிருக்குமா என்று எண்ணினர். அந்த எண்ணம் பிழையென்று பின்னர் தெளிவாயிற்று. டென்மார்க்கில் ஹென்ரிக்சன் 1933இலும், சுவீடனில் லிண்ட்ராத் 1948இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகள், பழைய படிவுகளில் கிடப்பவை இன்றும் வாழும் இனங்களே என்று காட்டின. ஸ்கட்டர் பெயரிட்டவற்றையும் பின்வந்தோர் மறுபடி எடுத்துப் பார்த்து, அவற்றுள் பல இன்றைய இனங்களே என்று கண்டனர்.

இக்கருத்தை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியவர் ரசல் கூப் என்னும் ஆங்கிலேயர். 1930இல் பிறந்து 2011இல் மறைந்த அவர், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நிலநூல் ஆசிரியராக இருந்தார். ஊஸ்டர் மாவட்டத்தில் அப்டன் வாரன் என்னும் ஊரில் கட்டட வேலைக்காகச் சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றில், மாமதத்தின் எலும்புகளும் காண்டாமிருகத்தின் எலும்புகளும் கிடைத்தன. எலும்பைக் காணச் சென்றவர்கள் எலும்போடு திரும்புவதே வழக்கம். கூப் எலும்பைச் சூழ்ந்த கருஞ்சேற்றையும் நோக்கினார். அதில் வண்டுகளின் தலைகளும் மார்புக் கவசங்களும் சிறகுறைகளும் ஆயிரக்கணக்கில் மின்னின. ஷாட்டன், ஸ்ட்ராக்கன் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதுபற்றி 1961இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடித்தளம் எனலாம்.

சேற்றிலிருந்து வண்டைப் பிரிக்க அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. நம் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் செய்யத்தக்கது. சேற்றை நீரில் கரைத்து நுண்சல்லடையில் வடிப்பர். சல்லடையில் தங்கியதோடு மண்ணெண்ணெயைப் பிசைந்து, மேலே நீரை ஊற்றுவர். எண்ணெய் வண்டின் உறையில் ஒட்டிக்கொள்ளும். செடியின் தூள்களில் அவ்வளவாக ஒட்டாது. வண்டுத் துண்டுகள் எண்ணெயோடு மேலே மிதந்து வரும். அவற்றை எடுத்துக் கழுவி, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அருங்காட்சியகத்து மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டில்தான் ஆண்டுகள் கழியும். குட்டைச் சிறகு வண்டுகளில் பல இனங்கள் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் வடிவமே அவற்றைப் பிரித்துக் காட்டும். வியப்பு என்னவெனில் அந்நுண்ணுறுப்பும் சேற்றில் அழியாமல் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்த்தபோது, பல்லாயிரம் தலைமுறை கழிந்த பின்னும் அது இம்மியும் மாறவில்லை.

அப்டன் வாரன் படிவின் காலம் கரியணு முறையால் ஏறத்தாழ 42,000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. அம்முறையை வகுத்த லிப்பி என்பார் 1960இல் நோபெல் பரிசு பெற்றவர். படிவின் வண்டுகள் கூறிய செய்தியோ புதிராக இருந்தது. கோடை ஏறத்தாழ இன்றைய இங்கிலாந்தின் கோடையளவு வெதுவெதுப்பானது என்று அவை கூறின. ஆனால் மரத்தை நம்பி வாழும் வண்டு ஒன்றுமில்லை. மகரந்தத் தூளை ஆராய்ந்தபோதும் காடு இருந்ததற்கு அடையாளமில்லை. வெப்பம் உண்டு, மரம் இல்லை. இது எப்படி?

கூப் கூறிய விடை இது. பருவநிலை மிக விரைவாக மாறியது. வண்டு நடந்தும் பறந்தும் சில ஆண்டுகளில் புது நிலத்தை அடைந்துவிடும். மரமோ விதை விழுந்து, முளைத்து, வளர்ந்து, மீண்டும் விதைத்து, தலைமுறை தலைமுறையாக நகர வேண்டும். மரம் வந்து சேருமுன் அவ்வெப்ப காலமே முடிந்துவிட்டது. வட வேல்சில் கிளான்லினாவ் என்னும் இடத்தின் படிவுகளைப் பிராபியுடன் ஆராய்ந்து 1972இல் வெளியிட்டபோதும் இதே முடிவுக்கு வந்தார். பனியூழி முடியும் தறுவாயில், இன்றைக்குச் சற்றேறக்குறைய 14,700 ஆண்டுகளுக்கு முன், வெப்பம் திடீரென உயர்ந்ததை வண்டுகள் காட்டின. மகரந்தமோ காடு வந்த பின்னரே, அதாவது வெகு தாமதமாகவே, வெப்பத்தைக் காட்டியது. அக்காலத்தில் மகரந்த ஆராய்ச்சியே பருவநிலை வரலாற்றில் முதன்மை பெற்றிருந்தது. ஆகவே ஒரு வண்டு ஆராய்ச்சியாளர் சொல்வதைக் கேட்டுப் பாடத்தைத் திருத்த எல்லோரும் விரைந்துவிடவில்லை. பருவநிலை மெல்ல மெல்லத்தான் மாறும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருந்தது. 1990களில் கிரீன்லாந்தின் பனிப்பாறையை மூன்று கிலோமீட்டர் ஆழம் துளைத்தெடுத்த தண்டுகள் ஆராயப்பட்டபோது, அவ்வெப்ப உயர்வு சில பத்தாண்டுகளிலேயே நிகழ்ந்தது என்பது தெரிந்தது. சேற்றில் கிடந்த வண்டு முன்பே சொன்ன செய்தியைப் பனிக்கட்டி பின்னர் உறுதி செய்தது.

கடுங்குளிர் நிலவிய காலப் படிவுகள் வேறொரு வியப்பைத் தந்தன. இங்கிலாந்தின் சேற்றில் பெருமளவில் கிடைத்த ஒரு சாண வண்டு எந்த ஐரோப்பிய வண்டோடும் ஒத்துவரவில்லை. கடைசியில் அது திபெத்துப் பீடபூமியில் இன்றும் வாழும் இனம் என்று 1973இல் கூப் அறிவித்தார். அடுத்த ஆண்டில், சைபீரியாவின் யாகுத்தியப் பகுதிக்குரிய டாக்கினசு என்னும் குட்டைச் சிறகு வண்டு ஒன்றும் இங்கிலாந்துப் படிவில் இருந்ததை உல்ரிச் என்பாருடன் சேர்ந்து எழுதினார். அதே டாக்கினசு வகையில் இன்னோர் இனம் இன்று மங்கோலியாவின் மலைகளில் வாழ்வது; அதுவும் ஒரு காலத்தில் ஆங்கில நாட்டில் உலவியது. கிரெனாட்டாவும் பனியூழிப் படிவுகள் பலவற்றில், இன்று அது அருகிய தாழ்நிலங்களிலும் கிடைத்திருக்கிறது. பாப்ரீசியசைப் போல் இவற்றுக்கு வாழிடம் எழுதப் புகுந்தால் எந்த ஊரை எழுதுவது? திபெத்து என்பதா, இங்கிலாந்து என்பதா? குளிர் மாறியபோது வண்டு தன் உடலை மாற்றிக்கொள்ளவில்லை. தன் ஊரை மாற்றிக்கொண்டது. அதற்குரிய வாழிடம் ஓர் இடமன்று; ஒரு வகைக் குளிரும் ஈரமுமே அதன் நாடு.

இவ்வுண்மையையே கணக்காக்கி, அட்கின்சன், பிரிஃபா, கூப் ஆகிய மூவரும் 1987இல் பிரிட்டனின் 22,000 ஆண்டு வெப்பநிலை வரலாற்றை வரைந்தனர். ஒவ்வோரினமும் இன்று எத்தகைய கோடையையும் மாரியையும் தாங்குகிறது என்று குறித்து, ஒரே படிவில் கிடந்த எல்லா இனங்களுக்கும் பொதுவான எல்லை எதுவோ அதுவே அக்காலப் பருவநிலை என்று கொண்டனர். செடியைத் தின்னும் வண்டுகளை விலக்கி, இரை தேடுவனவற்றையும் அழுகலைத் தின்பனவற்றையும் மட்டும் எடுத்தனர். செடிக்குக் காத்திருப்பது தாமதிக்கும் சாட்சி அன்றோ? பனியூழியின் உச்சத்தில் சூலை மாதமே 10 பாகையைத் தாண்டவில்லை. மாரிக் குளிர் உறைநிலைக்குக் கீழே 15 பாகையையும் கடந்தது. ஆயினும் மாரியைப் பற்றி வண்டு கூறும் சாட்சியம் கோடையைப் பற்றிக் கூறுவதைவிடத் தளர்ந்தது என்றே கொள்ள வேண்டும். காரணத்தை முன்பே கண்டோம். பனிப் போர்வையின் அடியில் கிடக்கும் வண்டுக்கு மேலே வீசும் காற்று எவ்வளவு குளிர்ந்ததென்று தெரியாது.

பனியூழி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. காடு வந்தது, சருகு குவிந்தது, சருகை நம்பிய வண்டுகள் பெருகின. பின்னர் உழவர் வந்து காட்டை அழித்தனர். முதிர்ந்து மட்கிய பெருமரங்களில் வாழ்ந்த வண்டுகள் சில பிரிட்டனில் அடியோடு மறைந்தன. யார்க்சயரில் தோர்ன் சதுப்பு நிலத்தில் மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய படிவில் கிடைத்த ரைசோடிசு என்னும் வண்டு அவற்றுள் ஒன்று. இன்று அந்நாட்டில் அது இல்லை. சருகில் உலவும் அசிடோட்டா போன்றவை சிறு தோப்புகளிலும் வேலியோரப் புதர்களிலும் ஒதுங்கிப் பிழைத்தன. நிழலும் ஈரமும் இருந்தால் அவற்றுக்குப் போதும்.

இன்று அவற்றின் முன் நிற்கும் நெருக்கடி வேறு வகையானது. உலகம் வெப்பமடைந்து வருகிறது. வட நாடுகளின் பல பகுதிகளில் பனிப் போர்வை மெலிந்தும், அது தங்கும் நாட்கள் குறைந்தும் வருகின்றன. வெப்பம் கூடினால் குளிரில் வாழும் வண்டுக்கு மண்ணும் வெப்பமாகும் என்றுதானே எண்ணுவோம்? காட்டு மண்ணில் வெப்பமானி பதித்து ஆராய்ந்தவர்கள் நேர்மாறானதையும் கண்டிருக்கிறார்கள். போர்வை நீங்கிய மண் நள்ளிரவின் குளிரை நேரே வாங்கி, முன்னைவிட ஆழமாக உறைகிறது. பனிக்கடியில் இருந்த அந்த இருண்ட ஈர இடைவெளியும் உண்டாவதில்லை. பதினாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தகைய நிலை வந்தபோது, வண்டு வடக்கு நோக்கி நடந்தது; குறுக்கே சாலையும் இல்லை, உழுத வயலும் இல்லை. இப்பொழுது தோப்புக்கும் தோப்புக்கும் இடையே பல மைல் வெற்று நிலம் கிடக்கிறது. வட ஐரோப்பாவின் காடுகளில் குவளைகளைப் பதித்து, மாரிதோறும் விழும் வண்டுகளை எண்ணி வருகின்றவர்கள் இருக்கிறார்கள். பாப்ரீசியசு ஒரு சொல்லில் எழுதி முடித்த வாழிடத்தை அவர்கள் ஆண்டுதோறும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது.